மான் பார்க்க உருமறைப்பு உடை வேண்டுமா? மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மான் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்ததும் புது ஆட்கள் முதலில் போவது விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்கு. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாய் அச்சடித்த பேண்ட், அதே துணியில் சட்டை, தொப்பி. அதை மாட்டிக்கொண்டு, முதுகில் காற்று அடிக்க, கூட்டத்தை நோக்கி நேராக நடப்பார்கள். மான் போய்விடும். துணி சரியில்லை, இன்னும் விலை கூடினதாக வாங்க வேண்டும் என்று முடிவுகட்டி வீட்டுக்கு வருவார்கள்.

துணிக்கும் பங்கு உண்டு. ஆனால் வரிசையில் அது கடைசி. காற்று, அசைவு, பின்னணி, சத்தம், அதற்கு அப்புறம்தான் துணி. துணியை முந்தின நாளே வீட்டில் தயார் செய்துவிடலாம் என்பதால் மட்டும் கீழே அது முன்னால் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மானை நெருங்க உருமறைப்பு உடை வேண்டுமா என்ற விவாதம் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. அங்கே உரிமம் எடுத்து, பருவம் பார்த்துச் சுடலாம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே இந்த வழிகாட்டி கேமராவும் பைனாகுலரும் வைத்திருப்பவர்களுக்கு. அந்த வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒரு தகவல் இருக்கிறது. ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கிப் பருவத்தில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி கட்டாயம். அந்த ஆரஞ்சோடு உட்கார்ந்துதான் மானைப் பக்கத்தில் வரவைக்கிறார்கள்.

1. எப்படிப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வண்டியிலோ படகிலோ என்றால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. தேக்கடிப் படகில் சிவப்புச் சட்டையோடு ஐம்பது பேர் போனாலும் கரையில் நிற்கிற மிளா (கடமான்) மேய்ந்துகொண்டேதான் இருக்கும். தினமும் வந்து போகிற படகு அதற்குப் பழகிவிட்டது. வண்டியும் அப்படித்தான். ஆனால் கதவைத் திறந்து ஒருவர் கீழே இறங்கினால் கதை மாறிவிடும். வண்டியாக இருந்தது மனிதனாகிவிடுகிறது.

வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் நடப்பது இரண்டாவது வகை. 2024 அக்டோபரில் வனத்துறை இப்படி 40 பாதைகளோடு டிரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காடுகளும் தேனி மலைகளும் மதுரையிலிருந்து காலையில் வெள்ளெனக் கிளம்பினால் எட்டிவிடுகிற தூரம். இந்த நடைகளில் மான் தெரிவது அதிர்ஷ்டம். கூட்டமாக நடக்கும்போது என்ன உடை போட்டிருந்தாலும் ஒன்றுதான், சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஓரிடத்தில் உட்கார்ந்து மான் வரும்வரை காத்திருப்பது. சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கம் புள்ளிமான்கள் கண்மாய்க்கும் வயலுக்கும் இறங்குகிற ஊர்கள் உண்டு. காட்டுக்குள் கால் வைக்காமல், பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் உட்காரலாம். இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இவர்களுக்கு.

2. அனுமதி, ஊர்க்காரர்கள், மிலிட்டரி அச்சு

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. அழகர்மலை அடிவாரம் வரை பேருந்து போகிறது என்பதால் மலையே திறந்த வீடு என்று ஆகிவிடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. கோடையில் தீ அபாயம் இருக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். போகும் முன் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

காட்டோரக் கிராமத்தில் பொழுது சாயும் நேரத்தில், மிலிட்டரி அச்சு உடையில், முதுகில் நீளமான பையோடு வருகிற புது ஆளைப் பார்த்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? வேட்டைக்கு வந்தவன் என்றுதான். வனக்காவலருக்கும் அதே சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. அப்புறம் அரை நாள் விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். ராணுவச் சீருடையை அப்படியே ஒத்த அச்சு வேறு சிக்கல்: ராணுவ வீரர் என்று பிறரை நம்பவைக்கிற நோக்கத்தோடு அதைப் போட்டால் சட்டப்படி குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லைதான், ஆனால் அதை ரோட்டில் நின்று நிரூபிக்க வேண்டியதில்லை. சாதாரணப் பழுப்பு, காக்கி, இலைப்பச்சை போதும்.

போனதும் டீக்கடையில் ஒரு டீ குடித்து, யார், எதற்கு வந்தோம், எங்கே உட்காரப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் தீருவதோடு, மான் இப்போது எந்தப் பக்கம் இறங்குகிறது என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும். காட்டுப்பன்றிக்காக யாராவது அவுட்டுக்காயோ (தீனிக்குள் வைக்கிற நாட்டுவெடி), அனுமதியில்லாமல் கரண்ட் பாய்ச்சிய வேலியோ வைத்திருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வரும். இரண்டும் சட்டவிரோதம், ஆனாலும் சில இடங்களில் இருக்கின்றன. தெரியாத தோட்டத்துக்குள் இருட்டில் நடக்கவே கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

3. மான் கண்ணுக்கு என்ன தெரியும்

துணி எடுக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். நிறம் பார்க்க நம் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள். மானுக்கு இரண்டுதான்: ஒன்று நீலத்துக்கு, மற்றது பச்சை, மஞ்சள் பக்கத்துக்கு. அமெரிக்க வெள்ளைவால் மானை வைத்துச் செய்து 1994-ல் வெளியான ஆய்வில் இது தெளிவானது. சிவப்புக்கென்று தனிச்செல் இல்லாததால் சிவப்பும் ஆரஞ்சும் அதற்குப் பச்சையிலிருந்து பெரிதாகப் பிரிந்து தெரிவதில்லை. வேட்டைக்காரரின் ஆரஞ்சு அங்கி எடுபடுவது இதனால்தான்.

நீலம் நேர் எதிர். மானுக்கு நீலம் பளிச்சென்று தெரியும். விடியலிலும் அந்தியிலும், அதாவது மான் வெளியே வருகிற அதே நேரத்தில், வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு கூடுதல். ஆகவே நீங்கள் போட்டுவரக் கூடாத துணி சிவப்புச் சட்டை இல்லை, ஜீன்ஸ்.

கூர்மையில் மான் கண் நம்மைவிடக் குறைவு. சட்டையில் அச்சடித்த சின்னச் சின்ன இலைகளைத் தூரத்திலிருந்து அது பிரித்துப் பார்க்காது. எல்லாம் கலங்கி, மனித உருவத்தில் ஒரே கருத்த மொத்தையாகத்தான் தெரியும். கடையில் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற நுணுக்க அச்சு மானிடம் செல்லுபடியாகாத இடம் இது. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் கண்களால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். அந்தப் பரப்பில் எது அசைந்தாலும் உடனே பிடித்துவிடும்.

4. முந்தின நாள்: சலவை

பெரும்பாலான சலவைத்தூள்களில் துணி வெள்ளையாகத் தெரிவதற்காக ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிரை வாங்கி நீல ஒளியாக விடுகிறது. நீலம் மானுக்கு எப்படித் தெரியும் என்று மேலே பார்த்தோம். பழுப்புச் சட்டையை வாங்கி இந்தத் தூளில் துவைத்தால் வாங்கின காசு வீண்.

சோதிப்பது சுலபம். கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்றை வாங்கி, இருட்டறையில் சட்டை மேல் அடியுங்கள். சட்டை நீலமாய் ஒளிர்ந்தால் அது மான் பார்க்கப் போக ஆகாது. ஒளிராமல் மந்தமாக இருந்தால் சரி. ஒளிர்கிற சட்டையைத் திரும்பத் திரும்ப அலசிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அந்தப் பொருள் நூலில் ஒட்டிக்கொள்வதால் லேசில் போகாது. இதற்கென்று ஒரு ஜோடி ஒதுக்கி, முதல் நாளிலிருந்தே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மட்டும் அலசி நிழலில் காயப்போடுவது நல்ல வழி. வாசனைச் சோப்பின் மணமும் ஏறாது. துணிக்கு நீலம் போடுகிற பழக்கமுள்ள வீடு என்றால் இந்த ஜோடியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், யாராவது அன்பாகத் துவைத்து வைத்துவிடுவார்கள்.

5. என்ன போட்டுக்கொள்வது

நம் பக்கத்துக் காடு அச்சடித்த துணியில் வருகிற மேல்நாட்டுப் பச்சைக்காடு இல்லை. செம்மண், பாறை, காய்ந்த புல், உடைமரம், சீமைக்கருவேலம், ஆவாரை. மழையை ஒட்டிய கார்த்திகை, மார்கழியில் மட்டும் கொஞ்சம் பச்சை. பங்குனி, சித்திரையில் அடர்பச்சைச் சட்டைதான் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அப்போது மண் நிறமும் சணல் நிறமும் நல்லது.

மேலே ஒரு நிறம், கீழே கொஞ்சம் அடர்ந்த வேறு நிறம் போடுங்கள். உடம்பின் கோடு இடுப்பில் உடைகிறது. உருமறைப்பு அச்சு செய்ய வேண்டிய வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன் எட்டிப்பார்க்கிற கழுத்து, இரண்டும் வேண்டாம்.

பருத்திதான் போட வேண்டும். நைலான் விண்ட்சீட்டர் கை தூக்கும்போதெல்லாம் சரசரக்கும். பையில் வெல்க்ரோ இருந்தால் அதை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அமைதியான இடத்தில் அதைப் பிய்க்கிற சத்தம் கூட்டத்தையே கிளப்பிவிடும். செருப்பு டப்டப் என்று அடிக்கும், முள்ளும் ஏறும், ஷூ போடுங்கள்.

சட்டைக்கு இவ்வளவு மெனக்கெடுகிற ஆள் முகத்தையும் கையையும் அப்படியே விட்டுவிடுவார். வியர்வையில் மினுங்குவதும் அதிகம் அசைவதும் இவை இரண்டும்தான். பழைய காவித் துண்டு ஒன்றைத் தலையிலிருந்து கன்னம் வரை தளர்வாகப் போர்த்திக்கொண்டால் போதும். வாட்சைக் கழற்றுங்கள். வெள்ளை லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு பழுப்புத்துணி உறை தைத்துக்கொள்ளுங்கள்.

6. காற்று

உங்கள் வாடை மானுக்குப் போய்விட்டால் எந்தத் துணியும் காப்பாற்றாது. கண்ணில் பட்டதை மான் சந்தேகத்தோடு கொஞ்ச நேரம் பார்க்கும். மூக்கில் பட்டதைப் பற்றி அதற்குச் சந்தேகமே கிடையாது. அதனால் காற்று மான் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும்.

மதுரைப் பக்கத்தில் இதற்கு ஒரு பருவக்கணக்கு உண்டு. ஆனி முதல் ஆவணி வரை மேகாற்று, அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று. மான் வருகிற இடத்துக்குக் கிழக்கே உட்கார்ந்து மேற்கே பார்க்க வேண்டும். காலையில் இப்படி உட்கார்ந்தால் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மானுக்குக் கண் கூசும், உங்களுக்குப் படத்தில் வெளிச்சம் சரியாக விழும். அதே இடத்தில் சாயங்காலம் உட்கார்ந்தால் சூரியன் உங்கள் கண்ணில் அடிக்கும். ஆகவே ஆடி மாதம் காலை வேளை. மார்கழி, தை கணக்குத் திரும்பும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்கில் உட்கார வேண்டும், அந்தக் காலத்தில் சூரியன் தென்மேற்கு ஓரமாகச் சாய்வதால் சாயங்காலம் முதுகுக்கு வெயில் கிடைக்கும். மார்கழிக்குச் சாயங்காலம்.

மலையடிவாரம் என்றால் இதற்கு மேல் இன்னொரு கணக்கு. வெயில் ஏறியதும் சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து கீழே இறங்கும். அடிவாரத்தில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் உங்கள் வாடை மலைமேல் இருக்கிற மானுக்குப் போகும். அங்கே சாயங்காலம்தான் சரி.

இவ்வளவும் பொதுக்கணக்கு. அந்த நிமிடத்துக் காற்றை அங்கேயே பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகைத் திருநீற்றை விரலிடுக்கில் எடுத்து முகத்துக்கு நேரே தூவிவிடுங்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் வாடை போகிறது. உட்காரும் முன் ஒரு முறை, அப்புறம் அவ்வப்போது. விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பதைவிட இது துல்லியம், ஏனென்றால் மெல்லிய காற்றும் பொடியை நகர்த்தும். திசை மாறினால் சோம்பல்படாமல் எழுந்து இடம் மாற்றுங்கள். ஆடியில் பேய்க்காற்று அடிக்கிற நாளில் போகவே வேண்டாம். எல்லாச் செடியும் ஆடுவதால் மான் நிலைகொள்ளாமல் தலையைத் தூக்கியபடியே இருக்கும்.

சென்ட், பவுடர், கொசுவிரட்டிக் களிம்பு, பீடி, பையில் பரோட்டாப் பொட்டலம், எதுவும் வேண்டாம். மல்லிகைப் பூவும்தான். மதுரையில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

7. பின்னணி

கண்மாய்க்கரை மேல் நின்று பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். உள்ளே பார்க்க வசதி, காற்றும் வரும். ஆனால் கீழிருந்து பார்க்கிற மானுக்கு வானத்துக்கு எதிரே நிற்கிற கருப்பு உருவம் நீங்கள். எந்த அச்சுத்துணியும் அந்தக் கோட்டை மறைக்காது. கரைக்கு வெளிப்பக்கமாகவே நடந்து போய், ஒரு பனைமரமோ புதரோ இருக்கிற இடத்தில் அதற்கு முன்னால் உட்காருங்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எட்டியெட்டிப் பார்க்க வேண்டி வரும், அந்த அசைவே போதும். முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் முன்னால் வெட்டவெளியாக இருந்தாலும் பரவாயில்லை.

நிழலில் உட்காருங்கள். நிழலில் இருக்கிற நீலச்சட்டைகூட வெயிலில் இருக்கிற பழுப்புச்சட்டையைவிடத் தேவலை.

கோடையில் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காராதீர்கள். மான் பயந்து தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடும். அந்த வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. வருகிற வழி தெரிகிற மாதிரி நன்றாகத் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

8. அசையாமல் இருப்பது

மான் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கிற கூட்டத்தை நோக்கி நடந்து போய்ப் பக்கத்தில் சேர்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். காலையில் என்றால் வெளிச்சம் வருவதற்குள் உட்கார்ந்திருங்கள், மாலையில் என்றால் நாலு மணிக்கெல்லாம்.

காலை மடக்கிச் சப்பணமிட்டால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும், அப்புறம் நெளியத் தொடங்குவீர்கள். ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி உட்காருங்கள். கேமராவை முழங்கால்மேல் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். தூக்குகிற தூரம் குறைந்தால் அசைவும் குறையும். போனை மௌனத்தில் போடுவது போதாது. திரை வெளிச்சம் முகத்தில் அடிக்கும். அணைத்துவிடுங்கள்.

புள்ளிமான் உங்களைச் சந்தேகப்பட்டால் காதை நேராக நிமிர்த்தி முறைத்துப் பார்க்கும். முன்னங்காலை மெல்லத் தூக்கித் தரையில் தட்டும். பிறகு தலையைக் குனிந்து மேய்கிற மாதிரி காட்டி, சட்டென்று நிமிரும். குனிந்ததும் இதுதான் சமயம் என்று கேமராவைத் தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் மாட்டுவது இங்கேதான். இரண்டாவது முறை நிமிர்ந்து, காது தளர்ந்து, வால் ஆடி, மறுபடி நிஜமாகவே மேயத் தொடங்கும்வரை கண் இமையைத் தவிர எதையும் அசைக்காதீர்கள்.

9. மேலேயும் பாருங்கள்

மந்தி (முகம் கறுத்த, வால் நீண்ட குரங்கு) இருக்கிற காட்டில், அவை மரத்திலிருந்து உதிர்க்கிற இலையையும் காயையும் தின்னப் புள்ளிமான்கள் கீழே கூடும். மேலே இருக்கிற மந்தி உங்களை நம்மைப் போலவே மூன்று நிறத்தில் பார்க்கிறது, அதுவும் உச்சியிலிருந்து. அது ஒரு குரல் கொடுத்தால் மான் காரணம் கேட்காது. வெட்டவெளியில் ஆட்காட்டிக் குருவி இதே வேலையைச் செய்யும். இவை கத்தத் தொடங்கினால் நகராமல், அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

10. உருமறைப்பு உடை எங்கே உதவும், எங்கே ஆபத்து

தரையில் உட்கார்ந்து, முப்பது மீட்டருக்குள் மானை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் பெரிய திட்டுகள் உள்ள துணி உதவும். அசையாமல் இருக்கிற வித்தை இன்னும் கைவராதவர்களுக்கும் கொஞ்சம் மன்னிப்பு கொடுக்கும்.

பறவை பார்க்கிறவர்கள் கதையே வேறு. பறவைக்கு நிறம் நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் பாறையில் இருக்கிற வல்லூறைப் பார்க்கிறவர்கள் நிறத்தில் கவனமாக இருப்பது வீண் இல்லை.

மேகமலை, சிறுமலை மாதிரி காட்டுமாடு நடமாடுகிற இடத்தில் ஒளிந்து உட்கார்வதே தப்பு. யானை உள்ள காட்டில் இன்னும் மோசம். தூரத்திலேயே உங்களைப் பார்த்து விலகிப் போக வேண்டிய மிருகம், பத்தடிக்குள் வந்த பிறகு உங்களைக் கண்டால் விலகாது. அங்கே வழிகாட்டி சொல்கிறபடி தெரிகிற மாதிரி நடங்கள்.

11. கிளம்பும்போது

மான் கூட்டம் முன்னால் இருக்கும்போது படம் கிடைத்துவிட்டது என்று எழுந்து நிற்காதீர்கள். கிராமத்து ஓரத்தில் மிரண்டு ஓடுகிற மானுக்குக் காத்திருப்பவை நாய், ரோடு, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. கிணற்றில் விழுந்த மானைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டித் தூக்குகிற செய்தி வருடாவருடம் வருகிறது. அவை நகரும்வரை உட்கார்ந்திருங்கள். இருட்டிவிடும் போலிருந்தால், வந்த வழியாகவே, குனிந்தபடி, பையப் பையப் பின்வாங்குங்கள். வழியில் கண்ணி ஏதாவது கண்ணில் பட்டால் கை வைக்காமல், இடத்தைப் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

12. காசை எதில் போடுவது

அச்சுத்துணிக்கு வைத்திருக்கிற பணத்தில் 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸ் 42 மி.மீ.) ஒன்றுக்குச் சேர்த்து வையுங்கள். தூரத்திலிருந்தே காதும் வாலும் தெளிவாகத் தெரிந்தால் பக்கத்தில் போக வேண்டிய தேவையே பாதியாகிவிடும். மீதிக்குப் பழுப்பு நிறப் பருத்திச் சட்டை ஒன்று, நல்ல ஷூ, புற ஊதா டார்ச், ஒரு சாக்கு. திருநீறு வீட்டிலேயே இருக்கும்.